மெய்நிகர் கணினிக்குள் லினக்ஸ் கன்டெய்னர் துவங்க மறுக்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விர்ச்சுவல்பாக்ஸ், விஎம்வேர், ஹைப்பர்-வி, கேவிஎம் இவற்றில் ஏதோ ஒன்றின் மேல் ஒரு லினக்ஸ் மெய்நிகர் கணினி. அதற்குள் எல்எக்ஸ்சி, எல்எக்ஸ்டி, இன்கஸ், டாக்கர், பாட்மேன் என்று ஏதோ ஒரு கன்டெய்னர். இந்த அமைப்பு இன்று மிகச் சாதாரணம். அது மக்கர் செய்யும்போது எழும் கேள்விகளும் பெரும்பாலும் ஒன்றேதான். இங்கே ஹோஸ்ட் என்பது வெளியே இருக்கும் நிஜக் கணினி. விஎம் என்பது அதன்மேல் ஓடுவது. கன்டெய்னர் அதற்கும் உள்ளே இருப்பது. இந்த மூன்றில் எந்த அடுக்கில் கோளாறு என்பதைத் தெரிந்துகொள்வதுதான் பாதி வேலை.

விஎம்முக்குள் கன்டெய்னர் ஓட, நெஸ்டட் விர்ச்சுவலைசேஷன் (விஎம்முக்குள் இன்னொரு விஎம் ஓட்டும்) வசதியை இயக்க வேண்டுமா?

வேண்டாம். கன்டெய்னர் சரியாகத் துவங்கவில்லை என்றதும் பயாஸுக்குள் நுழைந்து விடி-எக்ஸ் (சிபியுவின் மெய்நிகராக்க வசதி) அமைப்பைத் தேடுபவர்கள் ஏராளம். கன்டெய்னருக்குத் தனிக் கெர்னல் கிடையாது. அது விஎம்மின் கெர்னலைத்தான் பயன்படுத்துகிறது. நேம்ஸ்பேஸ் (ஒன்றை மற்றொன்று பார்க்காதபடி பிரிப்பது), சிகுரூப் (வளங்களுக்கு வரம்பு வைப்பது) என்ற இரண்டு கெர்னல் வசதிகளால் பிரித்து வைக்கப்பட்ட சில செயல்முறைகள், அவ்வளவுதான். உள்வாடகைக்கு இருப்பவருக்கு வீட்டுக்காரரின் நிபந்தனைகளும் பொருந்தும், முதல் வாடகைக்காரரின் நிபந்தனைகளும் பொருந்தும் என்பதைப் போல, விஎம்மின் கெர்னலிலும் ஹோஸ்ட் அதற்குக் கொடுத்திருக்கும் சிபியு, நெட்வொர்க், டிஸ்க்கிலும் உள்ள குறைகள் கன்டெய்னரில் வந்து தெரியும்.

விதிவிலக்கு உண்டு. எல்எக்ஸ்டியிலும் இன்கஸிலும் கன்டெய்னருக்குப் பதிலாக மெய்நிகர் கணினி வகையை உருவாக்கினாலோ, காட்டா கன்டெய்னர் (கன்டெய்னரை ஒரு சிறிய விஎம்முக்குள் ஓட்டுவது) பயன்படுத்தினாலோ, விஎம்முக்குள் கேவிஎம் தேவைப்படும். அப்போது மட்டும் நெஸ்டட் வசதியைத் தேடுங்கள்.

"துவங்கவில்லை" என்பதை எப்படி உறுதி செய்வது?

முதலில் பட்டியல் கட்டளையைக் கொடுத்து அதன் நிலையைப் பாருங்கள். "ஸ்டாப்டு" என்று இருந்தால் உண்மையிலேயே துவங்கவில்லை. "ரன்னிங்" என்று இருந்தும் ஐபி முகவரி இல்லை என்றால், கன்டெய்னர் துவங்கிவிட்டது. நெட்வொர்க் கிடைக்கவில்லை, அல்லது உள்ளே இனிட் (முதலில் துவங்கும் செயல்முறை) உறைந்து நிற்கிறது. வெளியிலிருந்து கன்டெய்னருக்குள் ஒரு ஷெல் திறந்து, செயல்முறைகளின் பட்டியலைப் பாருங்கள். முதல் எண்ணுள்ள இனிட் மட்டும் தனியாக நின்றால் அது உறைந்துவிட்டது. ஜர்னல், லாகின் சேவைகள் எல்லாம் ஓடினால் சிக்கல் நெட்வொர்க்கில். "கன்டெய்னர் பூட் ஆகவில்லை" என்று வரும் புகார்களில் கணிசமானவை இந்தக் கடைசி வகைதான்.

எல்எக்ஸ்சி "அபார்ட்டிங்" என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறது. உண்மையான காரணம் எங்கே கிடைக்கும்?

பின்னணியில் துவக்காதீர்கள். எல்எக்ஸ்சி-ஸ்டார்ட் கட்டளைக்குப் பெரிய எழுத்து எஃப் தெரிவைக் கொடுத்து முன்னணியில் ஓட்டுங்கள். பதிவு நிலையை டிபக் என்று வைத்து, ஒரு கோப்பில் எழுதச் சொல்லுங்கள். பிராக்ஸ்மாக்ஸில் (விஎம்களையும் கன்டெய்னர்களையும் நிர்வகிக்கும் லினக்ஸ் தொகுப்பு) பிசிடி ஸ்டார்ட் கட்டளையுடன் டிபக் தெரிவு. எல்எக்ஸ்டி, இன்கஸ் இரண்டிலும் இன்ஃபோ கட்டளையுடன் ஷோ-லாக் தெரிவு.

இனி, அந்தக் கோப்பைப் படிக்கும் முறை. கடைசியில் "ரன்னிங் நிலைக்குப் பதில் அபார்ட்டிங் நிலை வந்தது", "கன்டெய்னரைத் துவக்க முடியவில்லை", "மேலும் விவரத்துக்கு முன்னணியில் ஓட்டுங்கள்" என்று நான்கைந்து பிழை வரிகள் அடுக்கடுக்காக இருக்கும். இவை விளைவைச் சொல்கின்றன, காரணத்தைச் சொல்வதில்லை. பலரும் இவற்றை நகலெடுத்துத் தேடுபொறியில் போட்டு, தங்களுக்குத் தொடர்பே இல்லாத பத்துத் தீர்வுகளோடு திரும்புகிறார்கள். கோப்பின் மேலிருந்து கீழே வாருங்கள்; "எரர்" என்ற சொல் முதன்முதலில் எங்கே வருகிறதோ, அங்கே நில்லுங்கள். அந்த வரியில் கான்ஃபைல், நெட்வொர்க், சிஜிஎஃப்எஸ்எஞ்ஜி, ஆப்ஆர்மர் (நிரல்களின் அனுமதிகளைக் கட்டுப்படுத்தும் கெர்னல் பாதுகாப்பு) என்று ஏதேனும் ஒரு மூலக் கோப்பின் பெயர் இருக்கும். எந்தப் பகுதி உடைந்தது என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடும்.

அதே நேரத்தில் விஎம்மில் இன்னொரு முனையத்தைத் திறந்து, டிமெஸ்க் கட்டளையால் கெர்னல் செய்திகளைப் பார்த்துக்கொண்டிருங்கள். ஆப்ஆர்மர் மறுத்தது, நினைவகப் பற்றாக்குறையால் கொல்லப்பட்டது, டிஸ்க் பிழை ஆகியவை கன்டெய்னரின் பதிவில் வராது, அங்கேதான் வரும்.

விஎம்மை மேம்படுத்திய பிறகு பழைய சென்ட்ஓஎஸ் 7 கன்டெய்னர் எழுந்திருக்கவில்லை. ஏன்?

சிகுரூப் பதிப்பு மாறியதால். சிகுரூப்பின் இரண்டாம் பதிப்பு 2016இல் வந்த 4.5 கெர்னலில் நுழைந்தது. ஃபெடோரா 31, டெபியன் 11, உபுண்டு 21.10, பிராக்ஸ்மாக்ஸ் 7 ஆகியவற்றிலிருந்து அதுவே இயல்பு. சென்ட்ஓஎஸ் 7இல் இருப்பது, இனிட்டாக ஓடும் சிஸ்டம்டியின் 219ஆம் பதிப்பு, உபுண்டு 16.04இல் 229. இரண்டாம் பதிப்பு மட்டுமே உள்ள விஎம்மில் ஓட, கன்டெய்னருக்குள் குறைந்தது 232 இருக்க வேண்டும்.

அறிகுறியைப் பார்த்தே இதைச் சொல்லிவிடலாம். கன்டெய்னரின் கன்சோலில், சதுர அடைப்புக்குள் ஆறு ஆச்சரியக்குறிகளுடன், ஏபிஐ கோப்பு முறைமைகளை இணைக்க முடியவில்லை, உறைகிறேன் என்ற பொருளில் ஒரு செய்தி. பிறகு மௌனம். நிலையைக் கேட்டால் "ரன்னிங்" என்றே சொல்லும்.

விஎம்மின் கெர்னல் அளவுருக்களில் ஒருங்கிணைந்த சிகுரூப் அடுக்கை அணைத்துப் பழைய முறைக்குத் திரும்பலாம் என்று பல இடங்களில் சொல்லியிருப்பார்கள். விஎம்மில் உள்ள சிஸ்டம்டி 255 வரை அது வேலை செய்தது. 256இல் அதோடு இன்னொரு கட்டாய அளவுருவும் வேண்டும். 258இல் முதல் பதிப்புக்கான ஆதரவையே நீக்கிவிட்டார்கள். பிராக்ஸ்மாக்ஸ் 9இலும் அந்தக் கதவு மூடிவிட்டது.

எனவே அதில் நேரம் செலவிட வேண்டாம். நீங்கள் ஏற்கெனவே விஎம்களின் உலகில்தான் இருக்கிறீர்கள். டெபியன் 12 கொண்ட இன்னொரு சிறிய விஎம்மைப் பழைய சிகுரூப் முறையில் துவக்கி, அந்தக் கன்டெய்னரை மட்டும் அங்கே நகர்த்துங்கள். சென்ட்ஓஎஸ் 7க்கான ஆதரவு 2024 ஜூன் 30உடன் முடிந்துவிட்டது என்பதால், அந்த விஎம்மை இணையத்திலிருந்து ஒதுக்கி வைப்பதும் நல்லது.

"சிபியு எக்ஸ்86-64-வி2 வகையை ஆதரிக்கவில்லை" என்று ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படை சி நூலகம்) பிழை வருகிறது. என் சிபியு புதியதுதானே?

உங்கள் சிபியு புதியதுதான். விஎம்முக்கு அது தெரியாது.

விஎம்முக்குள்ளேதான் வரும், வெறும் கணினியில் அனேகமாக வரவே வராத கோளாறு இது. இதைப் பலரும் இமேஜ் (கன்டெய்னரை உருவாக்க இறக்கும் கோப்புத் தொகுப்பு) கெட்டுவிட்டது என்று எண்ணி மீண்டும் மீண்டும் இறக்குகிறார்கள். நடப்பது இதுதான்: கேவிஎம்முடன் சேர்ந்து விஎம்களை ஓட்டும் க்யூஎமு, ஒரு விஎம்மை உருவாக்கும்போது அதற்கு ஒரு சிபியு மாதிரியைக் காட்டுகிறது. கேவிஎம்64, க்யூஎமு64 போன்ற பழைய பொது மாதிரிகள், எந்தக் கணினிக்கும் விஎம்மை நகர்த்தலாம் என்பதற்காக வேண்டுமென்றே மிகக் குறைந்த கட்டளைத் தொகுப்பையே காட்டும். எஸ்எஸ்இ4.1, எஸ்எஸ்இ4.2 போன்றவை அதில் இருக்காது. 2022இல் வெளிவந்த ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 9, வி2 மட்டத்துக்காகத் தொகுக்கப்பட்டது. அதை அடித்தளமாகக் கொண்ட இமேஜ்கள் அனைத்தும் கேவிஎம்64 விஎம்மில் முதல் நிரலிலேயே விழும். 2025இல் வந்த பதிப்பு 10 ஒரு படி மேலே போய் வி3 கேட்கிறது. அதாவது ஏவிஎக்ஸ்2 வேண்டும்.

செய்தி எதுவும் தராமல் 132 என்ற வெளியேறு எண்ணுடன் செத்துப்போகும் கன்டெய்னர்களும் இதே குடும்பம். 132 என்பது 128உடன் 4ஐக் கூட்டியது; 4 என்பது "செல்லாத கட்டளை" என்ற சிக்னல். மோங்கோடிபி 5.0க்கு ஏவிஎக்ஸ் தேவை என்பதால் அது இந்த எண்ணோடு விழுவது அடிக்கடி காணும் காட்சி.

சோதிக்க, விஎம்முக்குள் எல்எஸ்சிபியு கட்டளையைக் கொடுத்து கொடிகளின் வரியில் எஸ்எஸ்இ4.2, ஏவிஎக்ஸ், ஏவிஎக்ஸ்2 இருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு அதையே ஹோஸ்டிலும் பாருங்கள். ஹோஸ்டில் இருந்து விஎம்மில் இல்லை என்றால் விஎம்மின் சிபியு வகையை "ஹோஸ்ட்" என்று மாற்றுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் விஎம்மை வெவ்வேறு தலைமுறை சிபியு கொண்ட சர்வர்களுக்கு இடையே நகர்த்தும் வழக்கம் இருந்தால் "ஹோஸ்ட்" ஒத்துவராது. எல்லாச் சர்வர்களுக்கும் பொதுவான ஒரு வகையைத் தேர்ந்தெடுங்கள். பிராக்ஸ்மாக்ஸ் 8இலிருந்து புதிய விஎம்களுக்கு வி2-ஏஇஎஸ் வகைதான் இயல்பு. அதற்கு முன்பு உருவாக்கிய விஎம்கள் பழைய வகையிலேயே தொடரும் என்பதால், மேம்படுத்திவிட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். விஎம்வேரில் கிளஸ்டரின் இவிசி (எல்லாச் சர்வர்களின் சிபியுவையும் ஒரே மட்டத்தில் காட்டும்) அமைப்பு பழைய மட்டத்தில் இருந்தாலும் இதே விளைவு.

இன்னொன்று: சிபியு வகையை மாற்றிவிட்டு விஎம்முக்குள்ளிருந்து ரீபூட் செய்தால் மாற்றம் அமலுக்கு வராது. அதே க்யூஎமு செயல்முறைதான் தொடர்ந்து ஓடும். விஎம்மை முழுவதுமாக அணைத்து, வெளியிலிருந்து மீண்டும் இயக்க வேண்டும். "மாற்றிப் பார்த்தேன், பயனில்லை" என்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

டிஸ்க்கில் பாதிக்கு மேல் காலி. ஆனாலும் "டிஸ்க் கோட்டா மீறப்பட்டது" என்கிறது.

டிஸ்க்குக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. செய்தியில் "செஷன் கீரிங்" என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். கெர்னல் ஒவ்வொரு பயனருக்கும் சேமித்து வைக்கும் சாவிகளுக்கு ஒரு வரம்பு உண்டு. ரூட் அல்லாத பயனருக்கு அது 200. சிறப்புரிமையற்ற கன்டெய்னர்களின் ரூட், விஎம்மின் பார்வையில் 100000 என்ற எண்ணுள்ள சாதாரணப் பயனர். எல்லாக் கன்டெய்னர்களும் ஒரே எண் வரிசையைப் பகிர்ந்தால், அந்த 200ஐயும் எல்லாரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டியதுதான். தீர்ந்ததும் கெர்னல் திருப்பித் தரும் பிழை எண்ணின் பொதுப்பெயர் "டிஸ்க் கோட்டா" என்று இருப்பதால் வந்த வினை.

ப்ராக் அடைவில் உள்ள கீ-யூசர்ஸ் கோப்பைத் திறந்தால் யார் எத்தனை சாவி வைத்திருக்கிறார்கள் என்று தெரியும். சிஸ்கட்டில் மூலம் கெர்னல்.கீஸ்.மேக்ஸ்கீஸ் மதிப்பை 2000 ஆக்குங்கள். எல்எக்ஸ்டி ஆவணமும் அந்த அளவைத்தான் பரிந்துரைக்கிறது.

சில கன்டெய்னர்கள் ஓடுகின்றன. அடுத்ததைச் சேர்த்தால் அது மட்டும் "திறந்த கோப்புகள் மிக அதிகம்" என்று விழுகிறது.

மேலே சொன்னதன் சகோதரன். இம்முறை ஐநோட்டிஃபை (கோப்பு மாற்றங்களைக் கண்காணிக்கும் கெர்னல் வசதி) வரம்பு. ஒரு பயனருக்கு 128 ஐநோட்டிஃபை இன்ஸ்டன்ஸ்கள் என்பது இயல்பு மதிப்பு. சிஸ்டம்டி உள்ள ஒவ்வொரு கன்டெய்னரும் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. திறந்த கோப்புகளின் எண்ணிக்கைக்கான யூலிமிட் வரம்பைக் கூட்டிப் பயனில்லை. எஃப்எஸ்.ஐநோட்டிஃபை தொகுதியில் உள்ள மேக்ஸ்-யூசர்-இன்ஸ்டன்சஸ் மதிப்பைக் கூட்டுங்கள். இதையும் சாவி வரம்பையும் விஎம்மில் மாற்ற வேண்டும். ஹோஸ்டிலோ கன்டெய்னருக்குள்ளோ அல்ல. சிஸ்கட்டில்.டி அடைவில் ஒரு கோப்பாக எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் அடுத்த ரீபூட்டில் பழைய கதை திரும்பும்.

"நியூயூஐடிமேப்" தோல்வி என்றால் என்ன?

கன்டெய்னரின் பயனர் எண்களை விஎம்மின் பயனர் எண்களோடு பொருத்த முடியவில்லை. ஈடிசி அடைவில் சப்யூஐடி, சப்ஜிஐடி என்ற இரு கோப்புகளையும் பாருங்கள். கன்டெய்னரைத் துவக்கும் பயனரின் பெயரில், 100000இலிருந்து 65536 எண்கள் என்பது போல ஒரு வரி இரண்டிலும் இருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் இருப்பதுதான் வழக்கமான பிழை.

வரி சரியாக இருந்தும் "நேம்ஸ்பேஸில் போதுமான எண்கள் இல்லை" என்று பாட்மேன் சொன்னால், இமேஜுக்குள் 65535ஐத் தாண்டிய எண்ணுள்ள பயனருக்குச் சொந்தமான கோப்பு இருக்கிறது. வரிசையை நீட்டுங்கள், அல்லது இமேஜைத் திருத்துங்கள்.

உபுண்டு 24.04 விஎம் என்றால் இன்னொரு சாத்தியம்: சிறப்புரிமையற்ற பயனர் நேம்ஸ்பேஸ்களை அங்கே ஆப்ஆர்மர் இயல்பாகவே கட்டுப்படுத்துகிறது. பொதியிலிருந்து நிறுவாமல் நீங்களே தொகுத்த நிரல் என்றால், அதற்கு ஆப்ஆர்மர் விவரக்குறிப்பு இருக்காது, தடுக்கப்படும். டிமெஸ்க் வெளியீட்டில் "டினைடு" என்று தேடுங்கள்.

சிறப்புரிமை கொடுத்து ஓட்டினால் வேலை செய்கிறது. அப்படியே விட்டுவிடலாமா?

கூடாது. சிறப்புரிமையுள்ள கன்டெய்னரின் ரூட்தான் விஎம்மின் ரூட். அப்படி ஓட்டிப் பார்ப்பது அனுமதிச் சிக்கலா என்று கண்டுபிடிக்க ஒரு நல்ல சோதனை, தீர்வு அல்ல. ஆம் என்று தெரிந்ததும் அதை எடுத்துவிட்டு, எந்த ஒரு அனுமதி தேவை என்று தேடுங்கள்.

பெரும்பாலும் அது நெஸ்டிங் (கன்டெய்னருக்குள் கன்டெய்னர்) என்ற ஒரே அமைப்பாக இருக்கும். எல்எக்ஸ்சிக்குள் டாக்கர் ஓட்ட அது வேண்டும். புதிய சிஸ்டம்டி உள்ள கன்டெய்னர்கள் தங்கள் சேவைகளைத் தனிமைப்படுத்தத் தாமே நேம்ஸ்பேஸ் உருவாக்கப் பார்ப்பதால் அவற்றுக்கும் வேண்டும். பிராக்ஸ்மாக்ஸ் இதை எச்சரிக்கையாகவே காட்டும்.

ஹோஸ்டுடன் பகிர்ந்த ஃபோல்டரில் கன்டெய்னரின் கோப்புகளை வைக்கலாமா?

தரவை வைக்கலாம், ரூட் கோப்பு முறைமையை வைக்கக் கூடாது. விர்ச்சுவல்பாக்ஸின் பகிர்வு முறையில் கோப்பின் உரிமையாளரை மாற்ற முடியாது. இமேஜ் அடுக்குகளை ஒன்றாக இணைத்துக் காட்டும் ஓவர்லே கோப்பு முறைமை கேட்கும் கூடுதல் பண்புகளும் கிடையாது. விஎம்மின் சொந்த டிஸ்க்கில் எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ், இசட்எஃப்எஸ் ஏதாவது ஒன்றில் வையுங்கள்.

விஎம்மில் அப்டேட் செய்த சிறிது நேரத்தில் எந்தக் கன்டெய்னரும் துவங்கவில்லை.

ரீபூட் செய்யுங்கள். கெர்னல் பொதி மாறியபோது ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலின் மாட்யூல் அடைவு நீக்கப்பட்டிருக்கும். கன்டெய்னருக்கு நெட்வொர்க்கும் கோப்பு முறைமையும் தரும் வீத், பிரிட்ஜ், ஓவர்லே மாட்யூல்களை ஏற்ற முடியாது. ஆர்ச் லினக்ஸில் இது அன்றாடம்.

கன்டெய்னர் துவங்க ஐந்து நிமிடம் ஆகிறது. ஐபி முகவரியும் கிடைப்பதில்லை.

அந்த நேரம் முழுவதும் டிஎச்சிபி (ஐபி முகவரி வழங்கும் சேவை) பதிலுக்காகக் காத்திருக்கிறது. ஐந்து நிமிடம் என்றால் டெபியனின் பழைய நெட்வொர்க்கிங் சேவை. இரண்டு நிமிடம் என்றால் சிஸ்டம்டியின் வெயிட்-ஆன்லைன் சேவை. கால அளவே யார் காத்திருக்கிறார் என்று காட்டிக்கொடுக்கிறது.

கன்டெய்னரை வீட்டு ரௌட்டரிடமிருந்தே முகவரி வாங்கும்படி பிரிட்ஜில் இணைத்திருந்தால், காரணம் அனேகமாக ஹோஸ்டில்தான் இருக்கும். விஎம்மின் நெட்வொர்க் அட்டைக்கு ஒரு மேக் முகவரியை (அட்டையின் அடையாள எண்) ஹோஸ்ட் கொடுத்திருக்கிறது. கன்டெய்னருக்கு வேறொரு மேக். தனக்குத் தெரியாத மேக்கிலிருந்து வரும் நெட்வொர்க் பொதிகளைப் போலி என்று எண்ணி ஹைப்பர்வைசர் (விஎம்மை ஓட்டும் மென்பொருள்) எறிந்துவிடுகிறது. விஎம்முக்குள் டிசிபிடம்ப் கட்டளையை முதலில் பிரிட்ஜிலும் பிறகு வெளி அட்டையிலும் ஓட்டினால் கண்ணாலேயே பார்க்கலாம்: சில நொடிகளுக்கு ஒருமுறை "டிஸ்கவர்" வெளியே போகும்; "ஆஃபர்" ஒன்றுகூடத் திரும்பாது.

விர்ச்சுவல்பாக்ஸில் அந்த அட்டையின் ப்ரொமிஸ்க்யுவஸ் முறையை "அனைத்தையும் அனுமதி" என்று வையுங்கள். ஹைப்பர்-வியில் மேக் ஸ்பூஃபிங்கை அனுமதியுங்கள். விஎம்வேர் இஎஸ்எக்ஸ்ஐயில் போர்ட் குழுவின் ப்ரொமிஸ்க்யுவஸ் முறை, ஃபோர்ஜ்டு டிரான்ஸ்மிட்ஸ் இரண்டும். ஹோஸ்ட் ஒரு மடிக்கணினி, வைஃபையில் இருக்கிறது என்றால் இதிலும் சிரமம் தீராமல் போகலாம். இணைப்பு ஏற்படுத்திய மேக்கைத் தவிர வேறு மேக்கை வைஃபை அணுகல் புள்ளி ஏற்பதில்லை. பொது மேகச் சேவைகளிலும் அப்படியே.

இந்த மல்லுக்கட்டு தேவைதானா என்று ஒரு முறை யோசியுங்கள். எல்எக்ஸ்டியும் இன்கஸும் விஎம்முக்குள்ளேயே அமைத்துத் தரும் நாட் பிரிட்ஜில் (கன்டெய்னர்கள் விஎம்மின் முகவரி வழியாகவே வெளியே போகும் இணைப்பு) இந்தச் சிக்கல் எதுவும் வராது. வெளியிலிருந்து வேண்டிய ஓரிரு போர்ட்டுகளை மட்டும் திருப்பிவிட்டால் போதும்.

நாட் பிரிட்ஜில்தான் இருக்கிறது. அதே விஎம்மில் டாக்கர் நிறுவியதும் எல்எக்ஸ்டி கன்டெய்னர்களுக்கு இணையம் போய்விட்டது.

2017இல் வந்த டாக்கர் 1.13 முதல், கடந்துசெல்லும் நெட்வொர்க் பொதிகளை இயல்பாக மறுக்கும்படி டாக்கர் ஃபயர்வாலை மாற்றிவிடுகிறது. டாக்கர்-யூசர் சங்கிலியில் எல்எக்ஸ்டி பிரிட்ஜுக்கு வருகைக்கும் செல்கைக்கும் அனுமதி விதி சேருங்கள். முடிந்தால் இரண்டையும் வேறு வேறு விஎம்களில் வையுங்கள்.

ஒரே விஎம்மை நகலெடுத்து இரண்டு செய்தேன். இரண்டுக்கும் ஒரே ஐபி வருகிறது, மேக் வேறுதான்.

சிஸ்டம்டியின் நெட்வொர்க் சேவை டிஎச்சிபியிடம் தன்னை அடையாளம் காட்டுவது மேக்கால் அல்ல. ஈடிசி அடைவில் உள்ள மெஷின்-ஐடியிலிருந்து உருவாக்கிய எண்ணால். நகலில் அதுவும் நகலாகிவிட்டது. அச்சு விஎம்மை மூடும் முன் அந்தக் கோப்பை வெறுமையாக்குங்கள். கோப்பையே அழிக்க வேண்டாம்.

"எக்ஸெக் ஃபார்மட்" பிழை?

இமேஜ் வேறு சிபியு கட்டமைப்புக்கானது. ஆப்பிளின் எம்1 முதலான மேக்குகளில் விஎம் ஆர்ம்64. நீங்கள் எடுத்தது ஏஎம்டி64 இமேஜ்.

வெளியேறு எண் 137 என்றால் நினைவகம் போதவில்லை என்றுதானே பொருள்?

பெரும்பாலும், எப்போதும் அல்ல. 137 என்பது சிக்னல் 9ஆல் கொல்லப்பட்டது என்று மட்டுமே சொல்கிறது. நிறுத்தும் கட்டளைக்கு உரிய நேரத்தில் அடங்காத கன்டெய்னரை டாக்கர் கொன்றாலும் இதே எண்தான். டிமெஸ்க் வெளியீட்டில் நினைவகக் கொலை பற்றிய வரி இருந்தால்தான் உறுதி. அப்போதும் அது கன்டெய்னரின் சிகுரூப் வரம்பா, விஎம்மின் மொத்த நினைவகமா என்பதை அதே வரி சொல்லும். இரண்டாவது என்றால், ஹோஸ்ட் பலூனிங் மூலம் விஎம்மிடமிருந்து நினைவகத்தைத் திரும்பப் பெற்றிருக்கிறதா என்றும் பாருங்கள்.

எல்லாம் பார்த்தாயிற்று. உதவி கேட்கும்போது எதையெல்லாம் தர வேண்டும்?

ஹைப்பர்வைசரின் பெயரும் பதிப்பும், விஎம்மின் சிபியு வகை, விஎம்மில் ஓடும் கெர்னல் பதிப்பு, சிகுரூப் அடைவின் கோப்பு முறைமை வகை, கன்டெய்னர் மென்பொருளின் பதிப்பு, கன்டெய்னரின் அமைப்புக் கோப்பு, டிபக் நிலையில் எடுத்த முழுப் பதிவு, அதே நிமிடத்தின் டிமெஸ்க் வெளியீடு. திரைப்பிடிப்பாக எடுக்காமல் எழுத்தாகவே கொடுங்கள். கடவுச்சொற்களை மட்டும் நீக்கிவிடுங்கள். பதிவின் கடைசி ஐந்து வரிகளை மட்டும் ஒட்டினால், முழுப் பதிவையும் தாருங்கள் என்ற பதில்தான் முதலில் வரும்.